அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறது

லூயிஸ்டன், மெய்ன்
21 செப்டம்பர் 1936

சேன்-தியோதூல் பங்குச் சாமியார் அவர்களுக்கு வணக்கம்.

என் பெயர் தெலிமா கிரீன்வுட். இங்கே பஞ்சாலையில் நூற்பு மாடியில் பதினேழு வருஷமாக வேலை செய்கிறேன். வயது முப்பத்து மூன்று. வரும் நவம்பர் 23ஆம் தேதி திங்கட்கிழமை எனக்குக் கல்யாணம். அதைத் தவறவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் வந்துவிடும், அப்போது கோவிலில் கல்யாணம் கிடையாது, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ஒதிலோன் பொமெர்லோ, செருப்புத் தொழிற்சாலையில் வேலை, மனைவியை இழந்தவர். ஞானஸ்நானச் சான்று இல்லாமல் கல்யாணத்தை மந்திரித்து நடத்தி வைக்க மாட்டேன் என்கிறார் எங்கள் சாமியார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் சான்றை நான் இதுவரை தேடியதில்லை. நான் பிறந்தது இந்த ஊரில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன பிப்ரவரியில் என் அம்மா தெலிமா கிரீன்வுட் இறந்துபோனாள். அவள் பெயரும் என் பெயரும் ஒன்றுதான். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உன்னைப் பெத்தவ இல்லம்மா. உன் ஞானத்தாய். எங்க அண்ணன் லெயாந்தர் வோத்ரியோட பொண்ணு நீ. சேன்-தியோதூல்ல உனக்குத் தண்ணி ஊத்துனாங்க. அங்க புள்ளைங்க ஜாஸ்தி, எனக்கு ஒண்ணுகூட இல்ல, குடுத்துட்டாங்க" என்றாள். பெற்றவளின் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாமி, ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் என்று கோவில் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார்கள். என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டவளின் பெயரை, அவள்தான் என் அம்மா என்று, என்னை வளர்த்தவளைத் தெரிந்த ஜனங்கள் முன்னால் வாசிக்கக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. சான்றில் தாயின் பெயரை விட்டுவிட முடியுமா? யாரையும் தேடிக்கொண்டு நான் வரவில்லை. எனக்குக் காகிதம் போதும்.

தெலிமா கிரீன்வுட்


சேன்-தியோதூல்
2 அக்டோபர் 1936

அம்மணி அவர்களுக்கு,

எங்கள் சாமியாருக்குக் கண் மங்கிவிட்டது. ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் எழுதும் புத்தகங்களை இரண்டு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் புத்தகங்களில் ஆணாகப் பிறந்தவர்கள் எல்லோரும் ஜோசப், பெண்ணாகப் பிறந்தவர்கள் எல்லோரும் மரி. அந்தக் கூட்டத்துக்குள் ஓர் ஆளைப் பிடிப்பது லேசான வேலையில்லை. ஆனாலும் பிடித்தேன்.

1901 மே 12. மரி தெலிமா வோத்ரி. தகப்பன் லெயாந்தர் வோத்ரி, தாய் எக்சில்தா திபுத்தோ. ஞானத்தாய், குழந்தையின் அத்தை தெலிமா வோத்ரி. எல்லாம் நீங்கள் சொன்னபடியே பொருந்துகிறது. அடுத்த வருஷப் புத்தகத்தில் மார்ச் 9ஆம் தேதி அதே மரி தெலிமா வோத்ரிக்கு அடக்கம். பத்து மாதக் குழந்தை. ஆக, நீங்கள் இறந்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. கல்லறையில் இருப்பவர்களுக்குக் கல்யாணச் சான்று கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்துதான் இதை எழுதுகிறேன். லெயாந்தர் வோத்ரி என் அப்பா. அந்தக் குழந்தை என் அக்கா, நான் பார்க்காத அக்கா. அவள் குழிமேல் வளரும் புல்லை வருஷா வருஷம் நான்தான் வெட்டுகிறேன். அந்த அத்தை எல்லை தாண்டி அமெரிக்கா போனாள், பிறகு எங்கள் வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று இருந்தது. அவள் சாகும்போது உங்களிடம் என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. நீங்களோ முப்பத்து மூன்று என்கிறீர்கள், அந்தக் குழந்தை இருந்திருந்தால் முப்பத்தைந்து. யாரோ இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரை உங்களுக்குப் போட்டுவிட்டார்கள். உங்கள் சான்று வேறு எங்காவது இருக்கும். அங்கே தேடுங்கள்.

அல்சீத் சான்ஷக்ரேன்
பங்குப் புத்தகங்களுக்காக


லூயிஸ்டன்
8 அக்டோபர் 1936

அல்சீத் சான்ஷக்ரேன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஒதிலோனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "செத்தவளைக் கட்டிக்க எனக்குச் சம்மதந்தான், சாமியாருக்குத்தான் சம்மதம் இருக்காது. செத்தவளுக்குச் சமைக்க வருமான்னு மட்டும் அந்தப் புத்தகக்காரரைக் கேட்டு எழுது" என்றார். அவரால் சிரிக்க முடிகிறது. எனக்கு முடியவில்லை. முப்பத்து மூன்று வயதில் ஒருத்தியிடம் நீ யார் என்று கேட்பது பெரிய விஷயம். நீ இல்லவே இல்லை என்று சொல்வதற்கு உங்கள் ஊரில் ஒரு தபால் போதும் போலிருக்கிறது.

நீங்களே வயது பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பொருந்தவில்லை என்று தெரிந்ததும் ஒரு பக்கம் கூடத் திருப்பிப் பார்க்கவில்லையா? நம் ஜனங்கள் செத்த குழந்தையின் பெயரை என்ன செய்வார்கள் என்று புத்தகம் பார்க்கிறவருக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? இங்கே என் பக்கத்து வீட்டில் ஜெரார் என்று மூன்று பேர் பிறந்தார்கள். மூன்றாவது ஜெரார்தான் எங்களுக்கு ரொட்டி கொண்டுவந்து போடுகிறான்.

இன்னொன்று. உங்கள் அப்பா வோத்ரி என்கிறீர்கள், கையெழுத்து மட்டும் சான்ஷக்ரேன் என்று போடுகிறீர்கள். நான் பொய்ப் பெயரில் எழுதுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு எங்கிருந்து வாய் வந்தது?

லெயாந்தர் உங்கள் அப்பா என்றால், நான் சொல்வதும் உண்மை என்றால், நாம் ஒருவருக்கொருவர் யார் என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துவிட்டேன். யோசித்த பிறகும் எனக்குக் காகிதம் மட்டும்தான் வேண்டும்.

தெலிமா கிரீன்வுட்


சேன்-தியோதூல்
17 அக்டோபர் 1936

அக்காவுக்கு,

இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்கு நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் தேடியது 'வோ' வரிசையில். நீ இருந்தது 'சா' வரிசையில். நம் குடும்பத்தின் முழுப் பெயர் வோத்ரி என்கிற சான்ஷக்ரேன். முதலில் கப்பலேறி வந்தவன் படைவீரன். எதற்கும் கவலைப்படாதவன் என்று கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் சான்ஷக்ரேன். அவனுக்கு அது பொருந்தியதோ என்னவோ, நமக்கு யாருக்கும் பொருந்தவில்லை. இந்த ஊரில் லெயாந்தர் வோத்ரி என்று இரண்டு பேர் இருந்தார்கள். அப்பாவுக்கு வந்த விதை மூட்டை அந்த வீட்டுக்கும், அந்த வீட்டு மருந்து இங்கேயும் போய்க்கொண்டிருந்தது. 1902இல் அப்பா 'என்கிற'க்கு முன்னால் இருந்ததை விட்டுவிட்டுப் பின்னால் இருந்ததை எடுத்துக்கொண்டார். அதனால் முதல் பிள்ளை வோத்ரி, பிறகு பிறந்த நாமெல்லாம் சான்ஷக்ரேன்.

1903 ஜூன் 28. மரி ரோஸ் தெலிமா சான்ஷக்ரேன். அதே தகப்பன், அதே தாய், அதே ஞானத்தாய். அடக்கப் புத்தகத்தை வருஷம் வருஷமாக இன்று வரைக்கும் பார்த்தேன். இந்தத் தெலிமாவுக்கு அடக்கம் இல்லை.

மணி அடிக்கிற கிழவர் தெலெஸ்போரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "யாரு, அமெரிக்கா போனவளா? உனக்குத் தெரியாதா?" என்றார், நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி. ஊருக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் தெலிமா என்ற பெயர் வந்தால் அம்மாவின் முகம் மாறும், அப்பா வெளியே எழுந்து போவார். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் கல்லறையில் இருப்பவளைத்தான் நினைத்துக்கொண்டோம். ஒரே பெயர் என்பதால் செத்தவளுக்குப் பின்னால் நீ மறைந்தே போய்விட்டாய்.

நீ கேட்ட சான்று இத்துடன் இருக்கிறது. தாயின் பெயரை விட்டுவிட எனக்கு உரிமை இல்லை, விடவும் இல்லை. உன்னை இறந்துவிட்டாய் என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

அப்பா ஏழு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அம்மா என்னோடுதான் இருக்கிறாள், அறுபத்து இரண்டு வயது. முழங்கால் வலியைத் தவிர நன்றாக இருக்கிறாள். இன்னும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லட்டுமா?

உன் தம்பி
அல்சீத்


லூயிஸ்டன்
24 அக்டோபர் 1936

அல்சீத்,

சான்று வந்தது. நன்றி. மன்னிப்பெல்லாம் வேண்டாம், உன் கோபம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பார்க்காத அக்காவுக்காக ஒருவன் இவ்வளவு சண்டை போடுவான் என்று நான் நினைக்கவில்லை. அந்த அக்கா நான் இல்லை, அதுதான் வேடிக்கை.

அவளிடம் சொல்லாதே.

நான் கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதே. எனக்கு எட்டு வயதில் செந்நிறக் காய்ச்சல் வந்தது. வீட்டு வாசலில் அட்டை ஆணியடித்துவிட்டுப் போனார்கள், யாரும் உள்ளே வரக் கூடாது என்று. அம்மா பதினோரு நாள் நாற்காலியை விட்டு நகரவில்லை. முதல் நாள் ஆலைக்குப் போனபோது எந்திரச் சத்தத்தில் பயந்து அழுதேன். மதியம் சாப்பாட்டு மணிக்கு வாசலில் என் கையுறையோடு நின்றாள். கையுறையை மறந்துவிட்டேனாம். ஜூலை மாதம் அது. நீ அவளை அத்தை என்று எழுதுகிறாய். எழுதிக்கொள், உனக்கு அத்தைதான். எனக்கு அவளை அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை, நினைக்க மனசும் வரவில்லை.

உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். செத்திருந்தால் ஒரு பூசை வைத்துவிட்டு மறந்திருப்பேன். இத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாள், ரயிலில் ஒரு நாள் தூரத்தில். ஒரு கடிதம் போட்டிருக்க மாட்டாளா?

எங்கள் சாமியாரிடம் பேசியிருக்கிறேன். கிரீன்வுட் தம்பதியின் வளர்ப்பு மகள் என்று மட்டும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்.

தெலிமா


சேன்-தியோதூல்
3 நவம்பர் 1936

அக்காவுக்கு,

உன் பேச்சை மீறிவிட்டேன். எப்படி என்று கேட்டுவிட்டுத் திட்டு.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மா வழக்கம் போலத் தெலிமாவின் மரச்சிலுவையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் எழுதியிருந்தாய், கேட்கக் கூடாது என்று எழுதவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அம்மா, இங்க இருக்கறது எந்தத் தெலிமா?"

கையில் துணி அப்படியே நின்றது. "மொதத் தெலிமா," என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "எங்கயோ கேட்டுட்டு வந்திருக்க. அவ செத்துட்டாளா? செத்த சேதின்னா இங்கயே சொல்லிடுடா, வீட்டுக்குப் போயி சொல்லாத" என்றாள்.

"உசுரோட இருக்காம்மா. கல்யாணம் பண்ணிக்கப் போறா."

ஈரத் தரை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போனேன், "விடு" என்றாள். பனி பெய்ய ஆரம்பித்த பிறகுதான் எழுந்தாள்.

அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இது. 1905 அக்டோபரில் நான் பிறந்தேன். அவளுக்குப் பிரசவக் காய்ச்சல், பிழைக்க மாட்டாள் என்று அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போயிருக்கிறார் சாமியார். உனக்கு இரண்டு வயது, பார்த்துக்கொள்ள ஆளில்லை. அத்தை கல்யாணமாகி அமெரிக்கா போய் ஒரு வருஷம், அண்ணியைப் பார்க்க வந்திருக்கிறாள். "ஒரு குளிர்காலத்துக்குத்தான் குடுத்தேன். ஈஸ்டருக்குக் கொண்டாந்து விட்டுடறேன் அண்ணின்னா. நான் நெனவு வந்தும் வராம தலைய ஆட்டுனேன். ஆட்டுனது ஆட்டுனதுதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன்." ஈஸ்டர் போயிற்று. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அப்போதிருந்த சாமியார் எழுதிக் கொடுத்தார். நாலு கடிதம். லூயிஸ்டன், திருமதி புவாவேர் என்று, அதுதான் அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டுப் பெயர். நாலும் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்ததாம். அப்பா, "என் தங்கச்சிகிட்டத்தானே இருக்கா, நல்லாத்தான் இருப்பா, விடு" என்று சொல்லிவிட்டார்.

என்னால் ஒன்றை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்ததால்தான் நீ போனாய்.

ஒன்று கேட்கிறேன். புவாவேர் வீட்டில் வளர்ந்த நீ எப்படி கிரீன்வுட் ஆனாய்?

அல்சீத்


லூயிஸ்டன்
8 நவம்பர் 1936

அல்சீத்,

பிறந்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் இந்த உலகத்தில் தபால்தலை போதாது. அதை விடு.

நம் பாஷையில் புவாவேர் என்றால் பச்சை மரம். ஆலை மேஸ்திரிக்கு வாயில் நுழையவில்லையாம், அதையே இங்கிலீஷில் கிரீன்வுட் என்று போட்டுக்கொண்டார் அப்பா. பாதித் தெரு அப்படித்தான். எப்போது மாற்றினார் என்று எனக்குத் தெரியும், அவருடைய மாதா சபைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். 1906 மார்ச். ஈஸ்டருக்கு முந்தின மாதம்.

அதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மேஸ்திரிக்காக மாற்றினார்களா, உன் அம்மாவின் கடிதம் வந்து சேரக் கூடாது என்று மாற்றினார்களா? கேட்பதற்கு இரண்டு பேரும் இல்லை. நீ எழுதியது உண்மை என்றால் என் அம்மா திருடி. சாகும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னவள். உன் அம்மா சொன்னது பொய் என்றால் எனக்கு எல்லாம் பழையபடி இருக்கும். நான் எதை விரும்புவேன் என்று உனக்குத் தெரியாதா?

கடிதம் போட்டோம், திரும்பி வந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். முப்பது வருஷம் கழித்து அடுப்புப் பக்கத்தில் அழுவதும் கஷ்டமில்லை. நீ புத்தகம் பார்க்கிறவன், எனக்குப் பேச்சு வேண்டாம். அவள் என்னைத் தேடினாள், விட்டுவிடவில்லை என்று எழுத்தில் ஏதாவது இருந்தால் காட்டு. இல்லையென்றால் இதோடு விட்டுவிடு.

வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க நேரமில்லை, ஒரு ஞாயிறு போதும் என்று பிஷப் இல்லத்தில் அனுமதி வாங்கியாயிற்று. 22ஆம் தேதி ஞாயிறு, பத்து மணிப் பூசை. நான் சொல்கிற மாதிரியே வாசிப்பதாக எங்கள் சாமியார் ஒத்துக்கொண்டுவிட்டார். என்ன சொல்வது என்று சனிக்கிழமைக்குள் அவரிடம் சொல்ல வேண்டும்.

தெலிமா


சேன்-தியோதூல்
13 நவம்பர் 1936

அக்காவுக்கு,

இரண்டு நாளாகப் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வந்த கடிதங்கள் இல்லை, அப்பா அடுப்பில் போட்டுவிட்டாராம். எழுதிக் கொடுத்த சாமியாரும் இல்லை. அதனால் நம் குடும்பத்தில் பிறந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். உனக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு மூன்று பெண்கள்: 1908இல் அல்போன்சின், 1910இல் ஒபெலின், 1913இல் செலியா.

ஒபெலினின் பக்கத்தில் ஒரு அடித்தல் இருக்கிறது. முதலில் 'மரி தெலிமா' என்று எழுதி, தெலிமாவை அடித்து, மேலே ஒபெலின் என்று எழுதியிருக்கிறது. ஓரத்தில் சாமியார் கையெழுத்தில், 'ஒரு சொல் நீக்கப்பட்டது, தாயின் வேண்டுகோளின்படி' என்று இருக்கிறது. அதன் கீழே ஒரு சிலுவைக் குறி. எழுதத் தெரியாதவர் போடுகிற குறி. தேதியைப் பார். ஞானஸ்நானம் பிப்ரவரி 3, அடித்தது பிப்ரவரி 6.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்த மறுநாளே ஞானஸ்நானம், தகப்பனும் ஞானப்பெற்றோரும் தூக்கிக்கொண்டு போவார்கள், தாய் படுக்கையில் இருப்பாள். என்ன பெயர் வைத்தார்கள் என்று அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். ஞானஸ்நானம் ஆன மூன்றாம் நாள் பிள்ளை பெற்றவள் கட்டிலை விட்டு இறங்கி, பிப்ரவரிப் பனியில், ஒரு மைல் நடந்து கோவிலுக்கு வந்திருக்கிறாள்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அம்மாவை இங்கே கூட்டிவந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "இது உன்னோட குறியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா. ஒங்கப்பா வந்து, இதுக்கும் தெலிமான்னே வெச்சாச்சுன்னாரு. போனவ பேரு வீணாப் போக வேணாம்னாரு. மூணு நாளு நான் ஒண்ணும் பேசல. அப்புறம் எழுந்து வந்துட்டேன்."

"சாமியார் என்ன சொன்னாரு?"

"தண்ணி ஊத்துனது ஊத்துனதுதான், போயி படுன்னாரு. நான் போகல. சாமி, செத்தவ பேரை அடுத்தவளுக்கு வெக்கலாம், வெச்சுமிருக்கேன். ஆனா இந்தப் பேருக்கு ஆள் இருக்குன்னேன். உசுரோட இருக்கறவ பேரை எடுத்துக் குடுத்துட்டா, நாளைக்கு அவ வாசல்ல வந்து நின்னா நான் என்னன்னு சொல்லிக் கூப்பிடுவேன்னு கேட்டேன். அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் பேனாவ எடுத்தாரு."

நம் ஜனங்களில் எந்தத் தாயும் செத்துவிட்டாள், திரும்பமாட்டாள் என்று நினைத்த பிள்ளையின் பெயரைச் சும்மா வைத்திருக்க மாட்டாள். உனக்குப் பிறகு மூன்று பெண்கள் பிறந்தார்கள், ஒருத்திக்கும் அந்தப் பெயர் இல்லை. நீ எழுத்தில் கேட்டாய். என்னிடம் இருப்பது இந்த அடித்தலும் ஒரு சிலுவைக் குறியும்தான்.

அத்தையைப் பற்றியும் அம்மா ஒன்று சொன்னாள். அப்படியே எழுதுகிறேன். "அவளத் திட்டி எதுவும் எழுதிப்புடாதே. என் ரெண்டு புள்ளைக்கும் தண்ணி ஊத்தறப்போ தூக்கி நின்னவ. பொண்ணுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தப்போ பக்கத்துல இருந்தாளான்னு மட்டும் கேளு." இருந்தாள், பதினோரு நாள், என்றேன். நீ எழுதியிருந்தாயே. "சரி," என்றாள். நேற்று அத்தையின் ஆத்துமாவுக்காக ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, புத்தகத்தில் எழுதும்போதுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதை வாசிக்கச் சொன்னாலும் நீ என் அக்காதான்.

அல்சீத்


லூயிஸ்டன்
24 நவம்பர் 1936

தம்பிக்கு,

நேற்று கல்யாணம் ஆயிற்று. ஒதிலோன் கோட்டில் பொத்தான் இடம் மாறிப் போட்டிருந்தார், கோவிலைவிட்டு வெளியே வரும் வரை யாரும் சொல்லவில்லை. ஆலையிலிருந்து இருபது பேர் வந்தார்கள், பன்றிக்கறி வைத்துச் சுட்ட அப்பம் ஒன்றும் மிச்சமில்லை.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன். கதிர் நிரம்பி நூல் அறுந்து போகிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மேஸ்திரி கத்தினார். என் காதில் அந்தப் பனியில் யாரோ நடக்கிற சத்தம்தான் கேட்டது. சனிக்கிழமை சாமியாரிடம் போய், சான்றில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள் என்று சொன்னேன். கூடவே ஒரு வரி கேட்டேன், அவரும் மறுக்கவில்லை. 'காலஞ்சென்ற லெயாந்தர் வோத்ரி என்கிற சான்ஷக்ரேனுக்கும் எக்சில்தா திபுத்தோவுக்கும் பிறந்த மகள், காலஞ்சென்ற தெலிமா கிரீன்வுட் என்ற ஞானத்தாயால் வளர்க்கப்பட்டவள்.' எக்சில்தா திபுத்தோ என்று அவர் வாசித்தபோது வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலித்ததுதான், ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை.

என்னை வளர்த்தவள் செய்ததை நான் மறக்கவில்லை, மன்னித்துவிட்டேனா என்றும் தெரியவில்லை. அவளை இன்னும் நினைத்து அழுகிறேன். இரண்டும் ஒரே நாளில் வருகிறது.

புது வருஷத்துக்கு நாங்கள் வருகிறோம். இரண்டு நாள் லீவு சொல்லியிருக்கிறேன். தம்பி, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வருஷப் பிறப்பன்று எல்லோரும் போல நானும் உன் அம்மா முன்னால் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் கேட்க வேண்டும். கேட்கும்போது ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டும். திருமதி சான்ஷக்ரேன் என்றா கூப்பிட முடியும்? மற்ற சொல்லை நான் முப்பத்தொரு வருஷம் ஒருத்திக்குக் கொடுத்திருந்தேன். உயிரோடு இருந்தவளிடமிருந்து அதை எடுத்து இன்னொருத்திக்கு நான் கொடுத்திருக்க மாட்டேன், உன் அம்மாவும் அதைத்தான் சாமியாரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் என்னை வளர்த்தவள் பிப்ரவரியில் போய்விட்டாள். அந்தப் பெயருக்கு இப்போது ஆள் இல்லை. செத்தவளின் பெயரை அடுத்தவளுக்கு வைப்பது நம் ஜனங்களின் வழக்கம்தானே. அவளுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுது, அம்மா என்று கூப்பிடட்டுமா என்று.

உன் அக்கா
தெலிமா